அழைப்பவரைப் பார்த்து விடை மாற்றும் செயற்கூறுகள்

கணினி நிரலில் ஒரே செயற்கூறு, ஒரே உள்ளீட்டைப் பெற்றும், அழைக்கப்படும் இடத்தைப் பொறுத்து வெவ்வேறு விடைகளைத் திருப்பி அனுப்புவது சூழல்சார் திரும்பல் எனலாம். சில மொழிகளில் இது தெரிந்தே வைக்கப்பட்ட வசதி. சில நிரலகங்களில் தெரியாமல் நேர்ந்த பிழை. பெர்ல் மொழி முதல் வகைக்குப் பெயர் பெற்றது. பி.எச்.பி., ஜாவாஸ்கிரிப்ட், ஆர் ஆகியவற்றிலும் இதன் சாயல்கள் உண்டு. இக்கட்டுரை அவ்வசதியின் இயல்பை விளக்கி, அது எங்கே தகும், எங்கே தகாது என்று மதிப்பிடுகிறது. தமிழ் எழுத்துகளைக் கையாளும் நிரல்களில் இதன் விளைவு ஆங்கிலத்தைவிடக் கூடுதலாக வெளிப்படுவதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழிலேயே தரப்பட்டுள்ளன.

ஓர் ஊர்ப்பெயரை எண்ணுதல்

'திருச்செந்தூர்' என்ற பெயரில் எத்தனை எழுத்துகள்? தி, ரு, ச், செ, ந், தூ, ர் என ஏழு என்று தொடக்கப் பள்ளிப் பிள்ளை சொல்லிவிடும். கணினியில் யூனிகோடு முறையில் இப்பெயர் 14 குறியெண்களாகச் சேமிக்கப்படுகிறது. இந்தப் பெயரில் தனி அகரமேறிய மெய்யோ தனி உயிரோ இல்லாததால் ஒவ்வோர் எழுத்துக்கும் மெய்வடிவம் ஒன்று, உயிர்க்குறியோ புள்ளியோ ஒன்று என இரண்டிரண்டு வருகின்றன. யூ.டி.எஃப்-8 முறையில் கோப்பில் எழுதினால் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் 3 பைட்டு வீதம் 42 பைட்டு ஆகும். ஆக 7, 14, 42 என்ற மூன்றும் சரியான விடைகளே. கேள்வி எது என்பதுதான் வேறு.

இனி பெர்ல் மொழியில் 'இச்சரத்தில் உள்ள முழு எழுத்துகளை எல்லாம் பொருத்துக' என்று ஒரு கட்டளை எழுதுவதாகக் கொள்வோம். முழு எழுத்து என்பதற்கு அம்மொழியின் தேடல் கோவையில் ஒரு குறி உள்ளது. மெய்வடிவத்தையும் அதன்மேல் ஏறிய குறியையும் சேர்த்தே அது ஒன்றாக எடுக்கும். இந்தக் கட்டளையின் விடையை ஒரு மாறியில் இட்டால் கிடைப்பது 1. அதே மாறியைச் சுற்றி ஒரு சோடி அடைப்புக்குறி போட்டால் கிடைப்பது 'தி'. மாறிக்கும் கட்டளைக்கும் நடுவில் ஒரு வெற்று அடைப்புக்குறியும் இன்னொரு சமக்குறியும் சேர்த்தால் கிடைப்பது 7.

சமக்குறிக்கு வலப்பக்கம் இருந்த கட்டளையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியது இடப்பக்கம் மட்டுமே. முதல் வடிவில் பெர்ல் அதை 'பொருந்தியதா, இல்லையா' என்ற கேள்வியாக எடுத்துக்கொண்டு 'ஆம்' என்பதற்கு அடையாளமாக 1 தந்தது. இரண்டாவதில் ஏழு எழுத்துகளின் பட்டியலை எடுத்து, வாங்கிக்கொள்ள ஒரே மாறி இருந்ததால் முதல் எழுத்தை அதில் வைத்து மற்ற ஆறையும் விட்டுவிட்டது. மூன்றாவதில் பட்டியலை வெற்று அடைப்பில் கொட்டி, கொட்டியவை எத்தனை என்று எண்ணிச் சொன்னது. தெரிந்தவருக்கு இது அழகு. தெரியாதவர் முதல் வடிவை எழுதி, திருச்செந்தூருக்கு ஓரெழுத்து என்று அட்டவணையில் பதிந்துவிட்டு, 'தீ', 'கோ', 'வா' போன்ற ஓரெழுத்துச் சொற்களை மட்டும் சோதித்துப் பார்த்திருந்தால் நிரல் சரியாக இருக்கிறது என்றே நம்புவார்.

சூழல் என்றால் என்ன

பெர்ல் மொழியை லாரி வால் 1987இல் வெளியிட்டார். அவர் மொழியியல் பயின்றவர். பெயரை முதலில் முத்து என்ற பொருளில் பேர்ல் என்றே எழுத எண்ணியிருந்தார். அதே எழுத்துகளில் வேறொரு கணினி மொழி இருப்பது தெரிந்ததால் ஆங்கில எழுத்து ஒன்றைக் குறைத்துக்கொண்டார். முத்துக்குளித்துறை வாசகருக்கு இது ஒரு சுவையான செய்தி, அதற்குமேல் ஒன்றுமில்லை.

மனித மொழிகளில் ஒரு சொல்லின் பொருளை அது நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. 'படி' என்றால் ஏறும் படியா, அளக்கும் படியா, பாடத்தைப் படி என்ற ஏவலா என்பதை வாக்கியம் சொல்லும். கணினி மொழிக்கும் அந்த இயல்பைக் கொடுக்கலாமே என்பது வாலின் எண்ணம். அதன்படி பெர்லில் ஒவ்வொரு கட்டளையும் ஏதேனும் ஒரு சூழலில் நிற்கும். ஒற்றை மதிப்பு எதிர்பார்க்கப்படும் இடம் தனிச்சூழல். பல மதிப்புகள் எதிர்பார்க்கப்படும் இடம் பட்டியல் சூழல். விடையே வேண்டாம், வேலை நடந்தால் போதும் என்னும் இடம் வெற்றுச்சூழல். நிரலாளர் தாம் எழுதும் செயற்கூறுக்குள்ளும் 'வான்ட்அரே' என்ற கட்டளையால், தன்னை அழைத்தவர் இம்மூன்றில் எதை எதிர்பார்க்கிறார் என்று கேட்டறிந்து, அதற்கேற்ப விடையை மாற்றலாம்.

இவ்வழக்கம் கடைவீதியில் உண்டு. உடன்குடிக் கருப்பட்டி என்ன விலை என்று ஒரு வியாபாரி கேட்டால் கடைக்காரர் மூட்டை விலை சொல்வார். பையோடு வந்து நிற்கும் வீட்டுக்காரம்மா கேட்டால் கிலோ விலை சொல்வார். ஆளைப் பார்த்துச் சொல்கிறார், தவறில்லை. ஆனால் அங்கே கேட்டவருக்கு ஐயம் வந்தால் "கிலோவுக்கா அண்ணாச்சி?" என்று திரும்பக் கேட்டுக்கொள்ள முடியும். நிரலில் அந்த மறுகேள்வி இல்லை. மூட்டை விலையைக் கிலோ விலையாக எடுத்துக்கொண்டு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இயல்பான மொழியோடு ஒப்பிட்டு இவ்வசதியை நியாயப்படுத்துவோர் ஒப்பீட்டின் இந்தப் பாதியைச் சொல்லாமல் விடுகின்றனர்.

நல்லதும் அல்லதும்

சூழல்சார் திரும்பல் முழுவதையும் ஒரே தராசில் நிறுத்த இயலாது. பெர்லிலேயே மூன்று தரத்து எடுத்துக்காட்டுகள் உள்ளன.

'லோக்கல்டைம்' என்ற செயற்கூறு பட்டியல் சூழலில் நொடி, நிமிடம், மணி, நாள், மாதம், ஆண்டு முதலிய ஒன்பது உறுப்புகளைத் தரும். தனிச்சூழலில் அதே நேரத்தைப் படிக்கத்தக்க ஒரே வரியாகத் தரும். இரண்டும் ஒரே பொருளின் இரு வடிவங்கள். மாற்றி எடுத்தாலும் உடனே கண்ணில் பட்டுவிடும். ஓர் அணியின் பெயரைத் தனிச்சூழலில் எழுதினால் அதன் உறுப்பு எண்ணிக்கை கிடைப்பதும் இவ்வகையே; ஒருமுறை கற்றால் எங்கும் மாறாத விதி அது.

'ரிவர்ஸ்' அப்படியன்று. பட்டியல் சூழலில் அது பட்டியலின் உறுப்புகளைத் தலைகீழாக அடுக்கும். தனிச்சூழலில் சரத்தின் எழுத்துகளைத் தலைகீழாக்கும். இவை இரண்டு வேறு வேலைகள். ஒரே பெயரில் வைத்திருக்கக் காரணம், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதுதான். 'திருச்செந்தூரைத் தலைகீழாக்கி அச்சிடு' என்று எழுதினால் திரையில் வருவது மாறாத 'திருச்செந்தூர்'. அச்சிடும் கட்டளை தன் உள்ளீட்டுக்குப் பட்டியல் சூழலைக் கொடுக்கிறது. ஓர் உறுப்பு மட்டும் உள்ள பட்டியலைத் தலைகீழாக்கினாலும் அது அப்படியேதான் இருக்கும். முதலில் ஒரு மாறியில் இட்டுப் பிறகு அச்சிட்டாலோ ஆதரவின்றி நிற்கும் ஒரு புள்ளியும், அதன் பின்னால் 'ரூத்நெச்சுரித' என்ற உருவமும் வரும். குறியெண் குறியெண்ணாகத் திருப்பியதால் ஒவ்வோர் உயிர்க்குறியும் தன் மெய்யை விட்டு அடுத்த மெய்யின்மேல் ஏறிக்கொண்டது. எழுத்தெழுத்தாகத் திருப்பினால் வரவேண்டியது 'ர்தூந்செச்ருதி'. ஆக மாணவர் கண்ணில் ஒருமுறை திரும்பாத சொல், மறுமுறை சிதைந்த சொல். முதலாவது சூழலின் கோளாறு, இரண்டாவது எழுத்துமுறை பற்றிய கோளாறு. இரண்டும் ஒரே செயற்கூறில் ஒளிந்திருக்கும்போது எதை முதலில் தேடுவது?

கோப்பிலிருந்து வரி படிக்கும் கட்டளையும் இந்த நடுத்தரத்தைச் சேர்ந்தது. தனிச்சூழலில் ஒரு வரி. பட்டியல் சூழலில் கோப்பின் எல்லா வரிகளும். மாறியைச் சுற்றித் தேவையற்ற அடைப்புக்குறி ஒன்று விழுந்துவிட்டால், கோப்பு முழுவதும் படிக்கப்பட்டு, முதல் வரி மட்டும் கைக்கு வந்து, மற்றவை கைவிடப்படும். அடுத்த வரியைக் கேட்டால் கோப்பு முடிந்துவிட்டது என்று பதில் வரும். சிறு கோப்பில் இது புதிர். பெரிய கோப்பில் நினைவகத்துக்கும் கேடு.

இதற்கெல்லாம் பொது விதி ஏதும் உண்டா என்று தேடினால், பெர்லின் அலுவல்முறை ஆவணமே இல்லை என்கிறது. ஒரு கட்டளை பட்டியல் சூழலில் தரும் விடைக்கும் தனிச்சூழலில் தரும் விடைக்கும் தொடர்பு காட்டும் விதி எதுவும் கிடையாது என்பதையே ஒரு முக்கிய விதியாக அது வாசகருக்கு நினைவூட்டுகிறது. நேர்மையான வாக்குமூலம். ஆனால் விதி இல்லாததைப் பாடமாக நடத்த முடியாது. ஒவ்வொரு செயற்கூறையும் தனித்தனியே நெட்டுருப் போடுவதுதான் வழி.

மூன்றாவது தரம், கேட்டவரும் சொல்பவரும் அல்லாத மூன்றாம் ஆள் விடையின் அளவைத் தீர்மானிப்பது. அதன் விலை 2014இல் தெரிந்தது.

பக்சில்லா நிகழ்வு

இணையப் படிவங்களைப் படிக்கப் பெர்லில் நெடுங்காலம் பயன்பட்ட நிரலகம் சி.ஜி.ஐ.பி.எம். லிங்கன் ஸ்டெயின் எழுதிய இது 1997 முதல் பெர்லுடன் சேர்த்தே வழங்கப்பட்டது. இதில் 'பேரம்' என்னும் செயற்கூறு, படிவத்தில் ஒரு புலத்துக்கு நிரப்பப்பட்ட மதிப்பைத் தரும். தனிச்சூழலில் ஒரு மதிப்பு. பட்டியல் சூழலில் அப்புலத்தின் பெயரில் வந்த அத்தனை மதிப்புகளும். ஒரே கேள்விக்குப் பல விடைகளைத் தெரிவுசெய்யும் படிவங்களுக்கு இது தேவைதான்.

சிக்கல் எங்கே வருகிறது என்பதை அறியப் பெர்லின் 'ஹேஷ்' பற்றி ஒரு சொல். பெயர்-மதிப்பு இணைகளைக் கொண்ட இவ்வமைப்பு, உள்ளே நிரப்பப்படும்போது ஒரே நீளப் பட்டியலாகத்தான் வருகிறது: பெயர், மதிப்பு, பெயர், மதிப்பு என்று. ஒரே பெயர் இருமுறை வந்தால் பின்னது முன்னதை அழித்துவிடும். ஒரு மதிப்பு நிற்கவேண்டிய இடத்தில் செயற்கூறு ஒன்றை எழுதினால், அந்த இடம் பட்டியல் சூழல். செயற்கூறு மூன்று மதிப்புகளைத் தந்தால் மூன்றும் வரிசையில் நுழைந்துவிடும். முதலாவது தன் பெயருக்கு மதிப்பாகும். இரண்டாவது புதுப் பெயராகும். மூன்றாவது அப்பெயரின் மதிப்பாகும்.

மோசில்லா அமைப்பின் வழுப்பதிவு மென்பொருளான பக்சில்லா பெர்லில் எழுதப்பட்டது. பல நிறுவனங்களும் திறமூலத் திட்டங்களும் இன்னும் வெளியிடாத பாதுகாப்புக் குறைகளை அதில்தான் பதிந்து வைத்திருந்தன. புதிய கணக்கு தொடங்குபவர் தம் மின்னஞ்சல் முகவரியை உறுதிசெய்ய வேண்டும். அதன்பின் கணக்கு உருவாகும். கணக்கை உருவாக்கும் இடத்தில் உறுதிசெய்யப்பட்ட முகவரி, பயனரின் உண்மைப்பெயர், கடவுச்சொல் மூன்றும் ஒரு ஹேஷில் இடப்பட்டன. உண்மைப்பெயரின் இடத்தில் 'பேரம்' நேரடியாக எழுதப்பட்டிருந்தது.

உண்மைப்பெயர்ப் புலத்தை ஒருவர் மூன்றுமுறை அனுப்பினால் என்ன ஆகும்? முதலில் ஏதோ ஒரு பெயர். இரண்டாவதாக, உள்நுழைவு முகவரியைக் குறிக்கும் புலத்தின் பெயர். மூன்றாவதாக, தமக்குச் சொந்தமில்லாத ஒரு முகவரி. ஏற்கெனவே உறுதிசெய்யப்பட்ட முகவரி அழிந்து, அந்த அயல் முகவரி பதிவாகிவிடும். பக்சில்லாவில் குறிப்பிட்ட நிறுவன முகவரியோடு முடியும் பயனர்களைத் தானாகவே உயர் உரிமைக் குழுவில் சேர்க்கும் வசதி இருந்தது. அவ்வாறு அமைக்கப்பட்டிருந்த தளத்தில் வெளியாள் ஒருவர், நிறுவனத்தின் உள்ளாளாக நுழைந்துவிட முடியும்.

செக் பாயிண்ட் நிறுவனத்தின் ஆய்வாளர் நெட்டனல் ரூபின் இதைக் கண்டறிந்தார். சி.வி.இ-2014-1572 என்ற எண்ணில் பதிவான இக்குறைக்கு 2014 அக்டோபரில் திருத்தம் வெளியானது. திருத்தம் மிகச் சிறியது. 'பேரம்' என்பதற்கு முன்னால் 'ஒற்றை மதிப்பாகத் தருக' என்னும் பொருளுள்ள ஒரு சொல்லைச் சேர்ப்பதுதான். அந்த ஒரு சொல் இல்லாத இடம் பல ஆண்டுகளாகப் பலர் கண்ணிலும் பட்டும் படாமல் கிடந்தது. பக்சில்லாவை எழுதியவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர்.

குறை யாருடையது

அதே ஆண்டு டிசம்பரில் ஹாம்புர்க் நகரில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் மாநாட்டில் ரூபின் இதை முன்வைத்து, பெர்ல் மொழியையே கேலிசெய்து பேசினார். பெர்ல் அன்பர்கள் சினந்தனர். அவர்கள் வாதம் எளிது: 'பேரம்' பட்டியல் சூழலில் பல மதிப்புகளைத் தரும் என்பது ஆவணத்தில் தெளிவாக எழுதப்பட்டுள்ளது, படிக்காமல் பயன்படுத்தினால் பழி மொழிக்கா?

இவ்வாதத்தில் பாதி உண்மை உண்டு. ரூபினின் பேச்சு ஒரு நிரலகத்தின் குறையை மொழி முழுவதன் மீதும் ஏற்றியது. கைதட்டலுக்காகச் சொல்லப்பட்டவையும் அதில் இருந்தன. எனினும் 'ஆவணத்தில் உள்ளது' என்ற விடை போதாது. ஆழமான இடத்தில் 'இங்கே ஆழம்' என்று பலகை வைப்பது கடமை. ஆனால் நடைபாதையின் நடுவே குழியை வெட்டிவிட்டுப் பலகை வைத்திருக்கிறோமே என்பது வேறு. ஒரு செயற்கூறைப் பயன்படுத்தும் மிக இயல்பான வடிவமே ஆபத்தான வடிவமாகவும், பாதுகாப்பான வடிவத்துக்குக் கூடுதலாக ஒரு சொல் தேவையாகவும் இருந்தால், வடிவமைப்பு தலைகீழாக உள்ளது. இங்கே விடை எத்தனை உறுப்புகள் என்பதை நிரலாளர் தீர்மானிக்கவில்லை. படிவத்தை அனுப்பும் முகம் தெரியாத ஒருவர் தீர்மானித்தார். அதுதான் 'லோக்கல்டைம்' போன்றவற்றிலிருந்து இதைப் பிரிக்கும் கோடு. சூழலுக்கேற்ப வடிவம் மாறலாம். வெளியாரின் விருப்பத்துக்கேற்ப எண்ணிக்கை மாறும் விடையைச் சூழலிடம் ஒப்படைக்கக் கூடாது.

நிரலகத்தார் வாதத்தில் நேரம் போக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 'பேரம்' பட்டியல் சூழலில் அழைக்கப்பட்டால் எச்சரிக்கை தரும்படி சி.ஜி.ஐ.பி.எம். மாற்றப்பட்டது, பல மதிப்புகள் வேண்டுவோருக்கு 'மல்டி_பேரம்' என்று தனிப்பெயரில் ஒரு செயற்கூறு வந்தது. மோஜோலிசியஸ் என்ற மற்றொரு இணைய நிரலகத்திலும் 'எவ்ரி_பேரம்' என்ற தனிப்பெயர் உண்டு. 2015இல் வெளியான பெர்ல் 5.22இலிருந்து சி.ஜி.ஐ.பி.எம். மொழியுடன் சேர்த்து வழங்கப்படுவதில்லை.

வெறுங்கையோடு திரும்புதல்

தேடியது கிடைக்கவில்லை என்றால் செயற்கூறு எதைத் திருப்பி அனுப்பவேண்டும்? மற்ற மொழிகளில் சிறிய கேள்வி. பெர்லில் இதற்கு இரண்டு விடைகள், இரண்டிலும் இடர்.

'மதிப்பில்லை' என்னும் அடையாளத்தை வெளிப்படையாகத் திருப்பி அனுப்பினால், பட்டியல் சூழலில் அது 'மதிப்பில்லை' என்ற ஓர் உறுப்பைக் கொண்ட பட்டியலாகும். பட்டியலில் ஏதேனும் இருக்கிறதா என்று சோதித்தால், இருக்கிறது என்றே விடை வரும். ஆகவே எதையும் குறிப்பிடாமல் வெறுமனே திரும்பிவிடு என்று டேமியன் கான்வே 2005இல் வெளியிட்ட பெர்ல் நடைமுறை நூலில் அறிவுறுத்தினார். நிரல்களைச் சரிபார்க்கும் 'பெர்ல் கிரிட்டிக்' என்ற கருவியும் அதையே விதியாகக் கொண்டது. அவ்வாறு செய்தால் தனிச்சூழலில் மதிப்பின்மையும் பட்டியல் சூழலில் வெற்றுப் பட்டியலும் கிடைக்கும்.

ஆனால் மதிப்பெண் பதிவேடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். பெயர் கண்ணன், மதிப்பெண் என்ற இடத்தில் தேடும் செயற்கூறு, பிரிவு 'அ'. கண்ணன் தேர்வு எழுதவில்லை, எனவே செயற்கூறு வெற்றுப் பட்டியலோடு திரும்புகிறது. ஹேஷில் நுழைவது: பெயர், கண்ணன், மதிப்பெண், பிரிவு, அ. கண்ணன் பெற்ற மதிப்பெண் 'பிரிவு' என்று பதிவாகிறது. 'அ' என்பது மதிப்பே இல்லாத ஒரு தலைப்பாகிவிடுகிறது. எச்சரிக்கைகளை இயக்கி வைத்திருந்தால், உறுப்புகள் ஒற்றைப்படையில் உள்ளன என்று பெர்ல் முணுமுணுக்கும். இரண்டு பாடங்களில் எழுதாதிருந்தால் எண்ணிக்கை இரட்டைப்படையாகி அந்த முணுமுணுப்பும் நின்றுவிடும்.

எனவே நல்வழக்கம் என்று புகழப்பட்ட விதியும் அழைப்பவரின் சூழலைத் தெரிந்துகொள்ளாமல் பின்பற்றத்தக்கதன்று. செயற்கூறை எழுதுபவர் அழைப்பவர் எல்லாரையும் முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டும் என்ற நிலை, செயற்கூறு என்ற கருத்தின் பயனையே குறைக்கிறது.

அழைப்பு வடிவமும் அமைப்புக் கோப்பும்

ஜாவாஸ்கிரிப்டில் 'டேட்' என்பதை 'நியூ' என்ற சொல்லோடு அழைத்து ஒரு பிறந்த தேதியைக் கொடுத்தால் அத்தேதிக்குரிய பொருள் கிடைக்கும். 'நியூ' விடுபட்டால் கொடுத்த தேதி கண்டுகொள்ளப்படாமல், இன்றைய நாளும் நேரமும் ஒரு சரமாக வரும். பிழைச் செய்தி ஏதும் வராது. பார்வைக்குத் தேதி போன்ற ஒன்று வந்திருப்பதால் விண்ணப்பதாரர் எல்லாரும் இன்றுதான் பிறந்தார்கள் என்பது பிறகுதான் தெரியவரும். ஆர் மொழியில் அட்டவணையிலிருந்து இரண்டு வரிசைகளை எடுத்தால் அட்டவணை. ஒன்றை மட்டும் எடுத்தால், தனியே தடுக்காவிட்டால், அட்டவணை வடிவம் கழன்று வெறும் எண்வரிசையாகும். இது சூழலைவிடத் தரவைச் சார்ந்த மாற்றம். ஒரே ஒரு மாணவர் சேர்ந்த வகுப்பில் மட்டும் நிரல் உடைவதற்கு இது காரணமாகும்.

தமிழருக்கு இவற்றைவிட நெருக்கமானது பி.எச்.பி.யில் இருந்த ஏற்பாடு. 'எஸ்.டி.ஆர்.லென்' என்ற செயற்கூறு அங்கே பைட்டுகளை எண்ணும், திருச்செந்தூருக்கு 42. பன்மொழி எழுத்துகளுக்கென உள்ள 'எம்.பி.ஸ்ட்ரிங்' நிரலகத்தின் இணைச் செயற்கூறு 14 தரும். இரண்டு பெயர், இரண்டு விடை என்பதோடு நின்றிருந்தால் குறையில்லை. ஆனால் வழங்கியின் அமைப்புக் கோப்பில் ஓர் எண்ணை மாற்றினால், முதல் பெயரில் அழைத்தாலும் இரண்டாவது செயற்கூறே ஓடும்படி வசதி செய்திருந்தனர். பழைய நிரல்களைத் திருத்தாமலே பன்மொழிக்கு மாற்றலாம் என்பது நோக்கம். நிரலைப் படித்து விடை 42 ஆ 14 ஆ என்று சொல்ல முடியாத நிலை விளைவு. அது ஓடும் கணினியின் அமைப்பைப் பார்த்தாக வேண்டும்.

இணையத்தில் ஒரு பக்கத்தை அனுப்பும்போது அதன் நீளம் பைட்டுகளில் முன்கூட்டியே அறிவிக்கப்படும். மேற்சொன்ன அமைப்பு இயங்கும் வழங்கியில், தமிழ்ப் பக்கம் ஒன்றின் நீளத்தை இச்செயற்கூறால் கணக்கிட்டால் உண்மையைவிடக் குறைந்த அளவே அறிவிக்கப்படும். உலாவி அவ்வளவு மட்டும் வாங்கிக்கொண்டு நிறுத்திவிடும். ஆங்கிலப் பக்கத்தில் எழுத்தும் பைட்டும் ஒன்றே என்பதால் அங்கே எல்லாம் சரியாகத் தோன்றும். நிரலை எழுதிச் சோதிப்பவர் ஆங்கிலத்தில் சோதிக்கும்வரை இப்பிழை வெளிவராது. இந்த ஏற்பாடு 2017இல் வந்த பி.எச்.பி. 7.2இல் கைவிடத்தக்கது என அறிவிக்கப்பட்டு, 2020இல் வந்த 8.0இல் நீக்கப்பட்டது. வருத்தப்பட்டவர் அதிகம் இருக்க முடியாது.

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல், செயற்கூறு என்ற முதல் பாடத்திலேயே தூய செயற்கூறு பற்றிப் பேசுகிறது: ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தருவது. சரத்தின் நீளம் காண்பதை அதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டுகிறது. கருத்தளவில் சரியான எடுத்துக்காட்டு. ஆனால் பைத்தான் 2இல் 'திருச்செந்தூர்' என்பதை வெறும் மேற்கோளில் இட்டு யூ.டி.எஃப்-8 கோப்பில் எழுதினால் நீளம் 42. முன்னால் யூனிகோடு என்று காட்டும் ஓர் எழுத்தைச் சேர்த்தால் 14. பாடநூல் பயன்படுத்தும் பைத்தான் 3இல் எப்போதும் 14. மாணவர் விரலை மடக்கி எண்ணினால் 7. நீளம் என்பது எதன் நீளம் என்று ஒரு பத்தி சேர்த்திருந்தால் அப்பாடம் இன்னும் வலுப்பெற்றிருக்கும். தமிழில் பயிலும் மாணவருக்கு அந்த ஐயம் முதல் நாளிலேயே வரக்கூடியது.

மாற்று வழிகள்

பைத்தானில் எழுதப்பட்ட ஓப்பன்-தமிழ் என்னும் திறமூல நிரலகம் இவ்விடத்தில் பாராட்டத்தக்கது. சொல்லை எழுத்துகளாகப் பிரித்துப் பட்டியலாகத் தர ஒரு செயற்கூறும், ஒவ்வோர் எழுத்தாகக் கேட்கக் கேட்கத் தர வேறொரு பெயரில் மற்றொரு செயற்கூறும் அதில் உள்ளன. பெர்ல் மரபில் இவ்விரண்டும் ஒரே பெயரில் அடங்கி, சூழலைப் பார்த்து மாறியிருக்கும். பெயர் சற்று நீளமாகிறது என்பதைத் தவிர இழப்பில்லை. படிப்பவர் அழைப்பைப் பார்த்தவுடனே விடையின் வடிவத்தைச் சொல்லிவிடலாம்.

பெர்ல் வழியிலேயே பிறந்த மொழியும் இதே முடிவுக்கு வந்தது. பெர்ல் 6 என்று 2000இல் அறிவிக்கப்பட்டு, 2015இல் முதல் நிலையான வடிவம் பெற்று, 2019இல் ராகு எனப் பெயர் மாறிய மொழியையும் வடிவமைத்தவர் லாரி வாலே. அதில் 'வான்ட்அரே' இல்லை; தன்னை அழைத்தவர் என்ன எதிர்பார்க்கிறார் என்று செயற்கூறு எட்டிப்பார்க்க வழியில்லை. பட்டியலைத் தலைகீழாக்க 'ரிவர்ஸ்' இருக்கிறது; சரத்தைத் திருப்ப 'ஃபிளிப்' என்று தனிச்சொல் வந்துவிட்டது. சரத்தின் எழுத்துகளை எண்ணச் சொன்னால் அது குறியெண்களை எண்ணுவதில்லை, முழு எழுத்துகளை எண்ணுகிறது. அங்கே திருச்செந்தூருக்கு எந்த அடைப்புக்குறிக்குள் வைத்துக் கேட்டாலும் 7. திருப்பச் சொன்னால் 'ர்தூந்செச்ருதி'.